கரப்பான் கணக்கு

ஒரு வீட்டில் குழந்தைக்குக் கரப்பான் கண்டுவிட்டால், அந்த ஊரில் மொத்தம் எத்தனை வைத்தியர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சுலபமாகக் கணக்கெடுத்து விடலாம். நான் எடுத்திருக்கிறேன். எங்கள் ஊரில் 17 பேர். இவர்களில் வைத்தியக் கல்லூரியின் வாசற்படியை மிதித்தவர் ஒருவர்கூட இல்லை. தபால்காரர், தயிர்க்காரி, எதிர்வீட்டுப் பாட்டி, கலியாணப் பத்திரிகை கொடுக்க வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போன ஒரு பெரிய மனிதர் என்று இப்படிப் பட்டியல் நீளும். அதில் 17-வது பெயர் என்னுடையது. அந்தப் பதினேழாவது வைத்தியர் செய்த கைங்கரியத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நான் கருவூலத்தில் 34 வருஷம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். மன்னார்குடிக்குச் சமீபத்தில் பிதுரார்ஜிதமான ஓட்டு வீடு. மகனுக்கு ஓசூரில் உத்தியோகம். மருமகள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை; ஆகையால் அவளும் பேத்தியும் எங்களோடு இருக்கிறார்கள். பேத்திக்கு இப்போது நாலு வயது.

குழந்தைக்கு நாலாவது மாதத்திலேயே இரண்டு கன்னங்களிலும் சொரசொரப்பாக ஏதோ கண்டது. "தானே போய்விடும்" என்றார்கள். போகவில்லை; இடம் மாறிற்று. நடக்கத் தொடங்கிய பிறகு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புற மடிப்பு, மணிக்கட்டு, கழுத்து என்று குடியேறிவிட்டது. பகலில் விளையாட்டு மும்முரத்தில் அரிப்பை மறந்திருப்பாள். விளக்கை அணைத்ததும் ஆரம்பமாகும். இருட்டில் 'சரக், சரக்' என்று நகம் தோலில் ஓடுகிற சத்தம் இருக்கிறதே, அது கேட்டவர்களுக்குத்தான் தெரியும். கையைப் பிடித்துக் கொண்டால் அழுவாள். விட்டுவிட்டாலோ, விடியற்காலையில் தலையணை உறையில் ரத்தப் பொட்டுகள் இருக்கும். ஒரு நாள் நடுநிசியில், "தாத்தா, நீ சொறிந்து விடேன், நீ சொறிந்தால் வலிக்காது" என்று கேட்டாள். என் உத்தியோக காலத்தில் எத்தனையோ விண்ணப்பங்களைப் பார்த்தவன் நான். அப்படி ஒரு விண்ணப்பத்தைப் பார்த்ததில்லை.

மற்றப் பதினாறு பேருடைய யோசனைகளையும் ஒன்று விடாமல் நடத்திப் பார்த்தோம். வேப்பிலை அரைத்துப் பூசினோம், எரிகிறதென்று கத்தினாள். பயத்தம் மாவும் கடலை மாவும் போட்டு, அழுக்குப் போகட்டும் என்று தேய்த்தோம். கிருமிகள் சாகட்டும் என்று காரமான சோப்பைப் போட்டு, நல்ல சூடான வெந்நீரில் குளிப்பாட்டினோம். எல்லாவற்றுக்கும் மேலாகப் பத்தியம். நம்முடைய வீடுகளில் 'கரப்பான் பண்டம்' என்று ஒரு ஜாபிதா உண்டு அல்லவா? கத்தரிக்காய், கருவாடு, நண்டு என்று போகும் அந்த ஜாபிதாவை என் மனைவி கையில் எடுத்துக் கொண்டாள். பிறகு வருவோர் போவோர் சொல்லுக்கு ஒவ்வொரு பண்டமாகச் சேர்ந்தது: முட்டை, மீன், வேர்க்கடலை, தக்காளி, கடைசியில் பாலும் தயிரும். குழந்தைக்கென்று மிச்சம் நின்றவை இட்டிலியும் ரசம் சாதமுந்தான்.

அந்த ஜாபிதாவிலிருந்த நண்டு இன்னொரு காரியமும் செய்தது. மருமகள் மசக்கையாயிருந்தபோது ஒரு நாள் ஆசைப்பட்டு நண்டுக் குழம்பு சாப்பிட்டாள். முத்துப்பேட்டையிலிருந்து வந்த நண்டை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். ஆனால் குழந்தைக்குக் கரப்பான் கண்ட பிறகு, அந்தக் குழம்பு எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் ஒரு பெரிய சம்பவமாகிவிட்டது. "அன்றைக்கு மட்டும் கொஞ்சம் வாயைக் கட்டியிருந்தால்..." என்று என் மனைவி ஆரம்பிப்பாள், முடிக்க மாட்டாள். முடிக்காமல் விட்ட அந்த வாக்கியத்தை மருமகள் மூன்று வருஷம் தலை குனிந்து கேட்டுக் கொண்டிருந்தாள். அப்போது நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கையிலிருந்த பத்திரிகையை முகத்துக்கு நேரே சற்று உயர்த்திப் பிடித்துக் கொண்டேன்.

குழந்தைக்கு இரண்டரை வயதானபோது நகரத்துக்குப் போய் ஒரு தோல் வைத்திய நிபுணரைப் பார்த்தோம். இரண்டு மணி நேரம் நாங்கள் காத்திருந்தோம். மூன்று நிமிஷம் அவர் பார்த்தார். ஒரு களிம்புக் குழாயும் வாஸ்லைனும் எழுதிக் கொடுத்து, "தடவுங்கள்" என்றார். எவ்வளவு தடவுவது, எத்தனை நாள் தடவுவது என்று நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு குழாயின் மேலிருந்த பொடி எழுத்துக்களைப் படித்தேன். 'ஹைட்ரோகார்ட்டிசோன்' என்றிருந்தது. கைப்பேசியில் தேடினேன். 'ஸ்டீராய்டு' என்று வந்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. தோல் காகிதமாகிவிடும், வளர்ச்சி நின்றுவிடும், ஒரு தரம் தொட்டால் ஆயுளுக்கும் விடாது என்றெல்லாம் அதே கைப்பேசியில் எத்தனை செய்திகள் வந்து குவிந்திருக்கின்றன! உடனே சட்டம் போட்டேன்: "குண்டுமணி அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது. இரண்டு நாளுக்கு மேல் தொடரக் கூடாது." 15 கிராம் குழாய் என் மேஜை இழுப்பறைக்குள், பென்ஷன் புத்தகத்தின் பக்கத்தில், பூட்டப்பட்டது. மருமகள் வேண்டும்போது கேட்டு வாங்கிக் கொள்ள வேண்டும். நாளடைவில் அவள் கேட்பதையே நிறுத்திக் கொண்டாள்.

குண்டுமணி அளவு மருந்து என்ன செய்யும்? ஒன்றும் செய்யவில்லை. "பார்த்தாயா, இதுவும் கேட்கவில்லை" என்று தீர்ப்பு எழுதினேன். பிறகு ஒரு மருந்துக் கடைக்குப் போய்ச் சமாசாரத்தைச் சொன்னேன். கடைக்காரர் மருத்துவர் சீட்டு ஒன்றும் கேட்கவில்லை. வேறொரு குழாயை எடுத்து, "எல்லாத் தோல் வியாதிக்கும் இது கைகண்டது" என்று நீட்டினார். அதன் மேல் மூன்று நீளமான பெயர்கள் இருந்தன. 'ஸ்டீராய்டு' என்ற வார்த்தை மட்டும் இல்லை. எனக்குப் பரம திருப்தி. தாராளமாகவே பூசச் சொன்னேன். முகத்துக்கும் பூசச் சொன்னேன். நாலே நாளில் தோல் பட்டுப் போலாயிற்று! பதினேழாவது வைத்தியரின் கீர்த்தி தெரு முழுவதும் பரவியது. ஐந்தாம் நாள் நிறுத்தினோம். பத்தாம் நாள் கரப்பான் முன்னைக்கு இரட்டிப்பாய்த் திரும்பி வந்தது. மறுபடியும் பூசினோம், மறுபடியும் வந்தது. இப்படி மூன்று தடவை.

சென்ற வருஷம் பங்குனி மாதம். வெயில் கொளுத்திக் கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால், குழந்தையின் முழங்கால் மடிப்புகளில் நீர் கசிந்து, தேன் காய்ந்தாற்போல் மஞ்சள் பொருக்குக் கட்டியிருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. மகன் ஓசூரில். நகரத்து நிபுணரைப் பார்க்க வேண்டுமானால் நாலு நாள் கழித்துத்தான் முறை. இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் என்னைக் கேட்காமல் ஒரு காரியமும் செய்தறியாத மருமகள், குழந்தையைத் தோளில் போட்டுக் கொண்டு, மருந்துகளையெல்லாம் ஒரு பையில் வாரிக் கொண்டு, "மாமா, நான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். "அங்கே தடுப்பூசி போடுவார்கள், இதற்கெல்லாம் அவர்களுக்கு என்ன தெரியும்?" என்று முணுமுணுத்துக் கொண்டே நானும், என் பின்னால் என் மனைவியும் நடந்தோம்.

அங்கிருந்த டாக்டரம்மாவுக்கு என் மருமகளைவிட இரண்டொரு வயது குறைவாகவே இருக்கும். வரிசை என்னவோ நீளமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் முறை வந்ததும் அவர் அவசரப்படவில்லை. குழந்தையின் உடையைக் கழற்றி உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். கை விரல்களின் இடுக்கைப் பிரித்துப் பார்த்தார். "வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "இருந்திருந்தால் சிரங்கோ என்று நினைக்க வேண்டும். அதற்கு வைத்தியமே வேறு, வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் செய்தாக வேண்டும்" என்றார். பொருக்கைப் பார்த்து, கீறின தோலில் கிருமி புகுந்திருக்கிறதென்று சொல்லி, அதற்குக் குடிக்கும் மருந்து எழுதினார்.

பிறகு கேள்விகள் கேட்டார். எந்த வயதில் ஆரம்பித்தது? தோல் எப்பொழுதும் வறண்டிருக்குமா? மடிப்புகளில்தானே அதிகம்? இந்த வியாதியைக் கண்டு சொல்ல ரத்தப் பரிசோதனை தேவையில்லை என்பதும், அரிப்போடு இத்தகைய அடையாளங்கள் ஐந்தில் மூன்று இருந்தால் போதும் என்று இங்கிலாந்து வைத்தியர்கள் 1994-இலேயே வரையறுத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அந்த ஐந்தில் ஒன்றை அவர் கடைசியாகக் கேட்டார்:

"குடும்பத்தில் யாருக்காவது இழுப்பு, ஓயாத தும்மல் உண்டா?"

என் மனைவி சட்டென்று, "ஏன் இல்லை? இவருக்கு இருக்கிறதே! மார்கழி பிறந்தால் இழுப்பு. காலையில் எழுந்திருந்தால் இருபது தும்மல். மாமியாருக்கும் அப்படித்தான் இருந்தது" என்றாள். சொன்ன பிறகுதான், தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே விளங்கிற்று போலிருக்கிறது. வாயை மூடிக் கொண்டாள்.

"இழுப்பு, தும்மல், இந்தக் கரப்பான் மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், அம்மா. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு ஒன்றும் இன்னொருவருக்கு இன்னொன்றுமாகத் தலை காட்டும்" என்றார் டாக்டரம்மா. இந்த உறவைக் குறிக்கத்தான் அமெரிக்காவில் கோக்கா, குக் என்ற இரண்டு பேர் 1923-இல் 'அடோபி' என்ற சொல்லைக் கிரேக்க மொழியிலிருந்து எடுத்து வழங்கினார்கள். 1933 முதல் கரப்பானுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக் கொண்டது.

என் மருமகள் தணிந்த குரலில், "நான் கர்ப்பமாயிருந்தபோது நண்டு சாப்பிட்டேன், டாக்டர். அதனால்தான்..." என்று தொடங்கினாள். மாமியார் மூன்று வருஷமாய் முடிக்காமல் விட்ட வாக்கியத்தை அவளே முடிக்கப் பார்த்தாள்.

"நண்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது நீங்கள் சாப்பிட்டதால் வந்ததல்ல. யாருடைய குற்றமும் அல்ல" என்றார் டாக்டரம்மா.

மருமகள் பதில் சொல்லவில்லை. குழந்தையின் தலையைக் கோதிக் கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டாள். அவள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். என் மனைவியும் பார்த்தாள். அன்றைக்கு என் கையில் பத்திரிகை இல்லை.

டாக்டரம்மா எங்களுக்கு விளங்கும்படியாகவே சொன்னார். நல்ல தோல் என்பது காரை பூசிய செங்கல் சுவர் மாதிரி. இந்தக் குழந்தைகளின் தோலிலோ அங்கங்கே காரை பெயர்ந்திருக்கும். உள்ளேயுள்ள ஈரம் வெளியே போய்விடும். வெளியேயுள்ள தூசி, சோப்பு, கிருமி எல்லாம் உள்ளே நுழையும். நுழைந்ததைக் கண்டு உடம்பு கலவரம் செய்யும். அந்தக் கலவரந்தான் அரிப்பும் தடிப்பும். சொறியச் சொறிய இன்னும் கொஞ்சம் காரை பெயரும். சிலருக்குத் தோலின் கட்டுக்கோப்புக்கு வேண்டிய 'பிலாக்ரின்' என்ற புரதம் பிறவியிலேயே குறைவாக இருக்கிறதென்பதை, ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2006-இல் கண்டு சொன்னார்கள். ஆக, நாங்கள் மாவு போட்டுத் தேய்த்ததும், வெந்நீர் ஊற்றியதும், காரமான சோப்புப் போட்டதும் பெயர்ந்த சுவரைக் கடப்பாரையால் இடித்த கதைதான்.

இன்னொன்றும் சொன்னார். வெள்ளைக்காரர்களைப் பார்த்து எழுதிய புத்தகங்களில் கரப்பான் சிவந்திருக்கும் என்று போட்டிருக்கும். நம்முடைய நிறத்தில் அது கருஞ்சிவப்பாகவோ சாம்பல் பூத்தோ இருக்கும். ஆகையால் வியாதியின் உக்கிரம் பல சமயம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆறிய இடம் வெளுத்தோ கறுத்தோ நின்றாலும் பயப்பட வேண்டாம். சில மாதங்களில் நிறம் திரும்பிவிடும்.

பிறகு மருமகளின் பையிலிருந்த இரண்டு குழாய்களையும் எடுத்து மேஜை மேல் வைத்தார். இரண்டையும் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஐயா, எதை அதிகமாகப் பூசினீர்கள்?"

நான் பெருமையோடு இரண்டாவது குழாயைக் காட்டினேன். "முதலாவது ஸ்டீராய்டு, டாக்டரம்மா. அதைப் பூட்டி வைத்துவிட்டேன்."

"இரண்டும் ஸ்டீராய்டுதான். நீங்கள் பூட்டி வைத்தது அந்த வகையிலேயே மிகச் சாது. தாராளமாகப் பூசியது குளோபெட்டசால். அந்த வகையிலேயே மிக உக்கிரமானது. அதோடு படைக்கு ஒரு மருந்தும் கிருமிக்கு ஒரு மருந்தும் கலந்திருக்கிறது. பூனைக் குட்டியைக் கூண்டில் அடைத்துவிட்டுப் புலியை மடியில் வைத்துக் கொண்டிருக்கிறீர்கள்."

இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018-இல் மத்திய அரசாங்கம் உத்தரவு போட்டிருக்கிறது. நான் பயந்த ஆபத்துகளெல்லாம் உண்மையில் இந்த உக்கிரமான மருந்தை முகத்திலும் மடிப்புகளிலும் யாரையும் கேட்காமல் மாதக் கணக்கில் பூசுவதால் வருகிறவை. பயம் நியாயமானதுதான், விலாசந்தான் தப்பு.

"இந்தச் சாதுக் குழாய் எத்தனை நாள் ஓடிற்று?" என்று கேட்டார்.

"எட்டு மாதமாகிறது, இன்னும் பாதி பாக்கி இருக்கிறது" என்றேன். சிக்கனத்துக்காகப் பாராட்டுவார் என்று எனக்கு ஓர் எண்ணம்.

அவர் பாராட்டவில்லை. என் சுட்டு விரலை நீட்டச் சொன்னார். கடைசி ரேகையிலிருந்து நுனி வரை களிம்பைக் கோடாகப் பிதுக்கினார். "இது அரை கிராம். பெரியவர்களின் கை இரண்டு இருக்கிறதே, விரல்களோடு சேர்த்து, அந்த அளவு தோலுக்கு இது சரியாக இருக்கும்." பிறகு தம் கையை வைத்து வைத்துக் குழந்தையின் தடிப்புகளை அளந்தார். மொத்தம் ஆறு கை அகலம் வந்தது.

கருவூலத்துக்காரனுக்கு அப்புறம் சொல்ல வேண்டுமா? ஆறு கைக்கு மூன்று விரல்நுனி. ஆகவே தினம் ஒன்றரைக் கிராம். 15 கிராம் குழாயில் 30 விரல்நுனி. ஆகவே ஒரு குழாய் பத்தே நாளைக்கு. நான் எட்டு மாதத்தில் செலவழித்தது ஏழரைக் கிராம். அதாவது, ஐந்து நாள் மருந்தை எட்டு மாதத்துக்கு நீட்டி, மருந்து கேட்கவில்லை என்று தீர்ப்பும் எழுதியிருக்கிறேன்! 34 வருஷ சர்வீஸில் என் கணக்கில் ஒரு பிழை கண்டவர் கிடையாது. அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு சுட்டு விரல் போதுமாயிருந்தது. பிற்பாடு நானே தேடிப் படித்தேன். 2022-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சித் தொகுப்பில், ஸ்டீராய்டுக் களிம்பு பூசிய 2266 பேரைப் பார்த்ததில் தோல் மெலிந்தவர்கள் 26 பேர். அவர்களிலும் பெரும்பாலோர் உக்கிரமான வகையைப் பூசியவர்கள்.

டாக்டரம்மா முகத்துக்குச் சாதுவான களிம்பையும், கை கால்களுக்கு அதைவிட ஒரு படி வலுவானதையும் கொடுத்தார். தினம் ஒரு வேளை போதும். அரிப்பு நின்று, தடவிப் பார்த்தால் தோல் வழவழப்பாகும் வரை விடாமல் பூச வேண்டும், பிறகு நிறுத்தலாம். திரும்பத் தலை காட்டினால் அன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும்.

"ஆனால் இது தீயணைக்கும் வேலைதான். தினசரி வேலை வேறு" என்று வாஸ்லைன் டப்பாவை எடுத்தார். குளியல் வெதுவெதுப்பான நீரில், ஐந்து பத்து நிமிஷம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் உலர்வதற்குள் உடம்பு முழுவதும், தோல் நன்றாயிருக்கும் இடங்களிலுங்கூட, பூச வேண்டும். இரவிலும் ஒரு தரம். எவ்வளவு? இங்கிலாந்து தேசத்து வழிகாட்டிக் குறிப்பின்படி ஒரு குழந்தைக்கு வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை! எங்களிடமிருந்த டப்பா வாங்கின நாள் முதல் கால் பங்குகூடக் குறையவில்லை. எந்தப் பூச்சு உயர்ந்தது என்ற தர்க்கமும் வேண்டாமாம். 550 குழந்தைகளிடம் நாலு விதப் பூச்சுகளைச் சோதித்து 2022-இல் வெளியிட்ட முடிவில், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. குழந்தை எதைப் பூசிக் கொள்ளச் சம்மதிக்கிறதோ அதுவே உயர்ந்தது. "தேங்காய் எண்ணெய் பூசலாமா?" என்று என் மனைவி கேட்டாள். சுத்தமான தேங்காய் எண்ணெய் நல்லதுதான், பிலிப்பைன்ஸ் தேசத்தில் குழந்தைகளிடம் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னதும், அவள் முகத்தில் அன்று முதல் தடவையாகச் சிறிது களை வந்தது. பூச்சு ஊறின துணி சுலபமாகத் தீப்பற்றும். அடுப்பு, விளக்குப் பக்கம் ஜாக்கிரதை என்றும் எச்சரித்தார்.

கடைசியில் குழந்தையைத் தராசில் நிறுத்தினார். 11 கிலோவும் சொச்சமும். ஒரு வருஷத்துக்கு முந்திய சீட்டைப் பார்த்தால் அதிலும் ஏறக்குறைய அதே எடை. இந்த வயதில் வருஷத்துக்கு இரண்டு கிலோவாவது ஏற வேண்டும். "என்ன சாப்பிடுகிறாள்?" என்றார். ஜாபிதாவை ஒப்பித்தோம். ஒரு பண்டத்தைத் தின்ற சற்று நேரத்துக்குள் தடித்து வீங்குவதோ, வாந்தியெடுப்பதோ, மூச்சுத் திணறுவதோ உண்டா என்று விசாரித்தார். எதுவும் கிடையாது. அப்படியானால் நிறுத்துவதற்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட்டார். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளை வைத்து லண்டனில் செய்த சோதனை 2015-இல் வெளியாயிற்று. வேர்க்கடலையை ஒதுக்கி வளர்த்த குழந்தைகளிடந்தான் வேர்க்கடலை ஒவ்வாமை பன்மடங்கு அதிகமாக வந்ததாம்! நாங்கள் கரப்பானைப் பட்டினி போடுவதாக நினைத்துக் குழந்தையைப் பட்டினி போட்டிருக்கிறோம்.

கிளம்பும்போது, "இது எப்போது பூரணமாகப் போகும்?" என்று கேட்டேன். அவர் ஆசை வார்த்தை சொல்லவில்லை. வளர வளரப் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தணிந்துவிடும், சிலருக்கு நிற்கும், இடையிடையே வந்து போகும் என்றார். "திடீரென்று கொத்துக் கொத்தாக, குழி விழுந்தாற்போல் கொப்புளங்கள் எழும்பி ஜுரமும் கண்டால் ஒரு மணி நேரங்கூடத் தாமதிக்காதீர்கள். அக்கி வகைக் கிருமி பரவுகிறதென்று அர்த்தம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்" என்றும் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் எங்களுக்குக் கொடுத்தது 20 நிமிஷம். மூன்று வருஷத்தில் ஒருவரும் கொடுக்காத மருந்து அது.

வீட்டுக்கு வந்ததும் இழுப்பறைச் சாவியை மருமகளிடம் கொடுத்துவிட்டேன். "இனிமேல் இது உன் இலாகா, அம்மா. நான் கணக்கு மட்டும் எழுதுகிறேன்" என்றேன். அப்படியே எழுதி வருகிறேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, எத்தனை விரல்நுனி, வாஸ்லைன் எவ்வளவு, இரவில் எத்தனை தரம் விழித்தாள் என்று நாலு பத்திகள். முதல் வாரத்தில் நாலாவது பத்தியில் 6, 5, 5 என்றிருந்தது. மூன்றாவது வாரத்தில் 1, 0, 1. பூஜ்யத்தைக் கண்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட கணக்கன் என்னைப் போல் வேறு யாராவது இருப்பார்களா என்பது சந்தேகந்தான்.

வைகாசியில் நன்றாயிருந்தாள். ஆடிக் காற்றில் புழுதி கிளம்பியதும் மறுபடி வந்துவிட்டது. எனக்கு மனம் சோர்ந்தது. பதினாறு வைத்தியர்களில் ஆறு பேர் உடனே ஆஜரானார்கள். மருமகள் பதறவில்லை. அன்றைக்கே களிம்பை ஆரம்பித்தாள். எட்டு நாளில் அடங்கிற்று. அடிக்கடி திரும்பி வரும் இடங்களுக்கு, தோல் ஆறின பிறகும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பூசி வரும்படி டாக்டரம்மா சொன்னார். ஐப்பசிக்குப் பிறகு நோட்டுப் புத்தகத்தில் எழுத அதிகமில்லை. எடை 13 கிலோவைத் தாண்டிவிட்டது. கரப்பான் போய்விட்டதென்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது இப்போது எஜமானனாக இல்லை. எப்போதாவது வந்து போகிற விருந்தாளியாக இருக்கிறது.

கணக்கில் ஒரு பாக்கி மட்டும் இருந்தது. அதை எப்படித் தீர்ப்பதென்று எனக்கும் என் மனைவிக்கும் தெரியவில்லை. மருமகளிடம் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் தலைமுறையில் கிடையாது. புரட்டாசி கழிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை, நான் விடியற்காலையில் பையை எடுத்துக் கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். முத்துப்பேட்டை நண்டு வந்திருந்தது. ஒரு கிலோ வாங்கி வந்து அடுக்களை வாசலில் வைத்தேன். என் மனைவி பையைத் திறந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் மிளகாய் அரைக்கப் போனாள்.

மத்தியானம் இலை போட்டதும், என் மனைவி முதல் அகப்பையை மருமகளின் இலையில்தான் பரிமாறினாள். "நிறையப் போட்டுக் கொள். நீ சாப்பிட்டு ரொம்ப நாளாகிறது" என்றாள். நாலு வருஷமாகிறது என்பது மூவருக்கும் தெரியும். மருமகள் குனிந்து கொண்டே ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு நிமிர்ந்து, "உப்புக் கொஞ்சம் தூக்கல், அத்தை" என்றாள்.

இந்த வீட்டில் அவள் சொன்ன முதல் குறை அதுதான். என் மனைவி சிரித்துவிட்டாள்.